தாய்க்கும் சேய்க்கும் நடுவில்: தென்னாப்பிரிக்காவில் பேறுகால, சிசு மனநலப் பணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற முதல் வருடத்திலும் ஒரு பெண்ணின் மனதுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது பேறுகால மனநலம். பிறந்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று வயதுவரை ஒரு குழந்தை தன்னை வளர்ப்பவர்களோடு எப்படி ஒட்டுகிறது, எதற்குப் பயப்படுகிறது, எப்படித் தேறுகிறது என்று பார்ப்பது சிசு மனநலம். படிக்கும்போது இவை இரண்டு பாடங்கள். வேலைக்கு வந்தபின் இரண்டும் ஒரே நாற்காலியில், ஒருவர் மடியில் இன்னொருவராக உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

டர்பனில் இந்த வேலையைச் செய்கிறவள் நான். இந்த ஊரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஐந்தாறு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள், மனநலப் படிப்புக்கு எப்படி வருவது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வேலைக்கு வர நினைப்பவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குழந்தையைப் பார்க்கப் பழகுங்கள். பட்டமும் பதிவும் மருந்தறிவும் கட்டாயம் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அவற்றால் பாதி வேலைதான் நடக்கும்.

தேவை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு ஆரம்பிப்பது நல்லது. பிள்ளை பெற்ற பெண்களில் உலக அளவில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேப் டவுனை ஒட்டிய காயலிட்ஷாவில் நடந்து 1999ல் வெளியான ஆய்வில், பிரசவமாகி இரண்டு மாதமான தாய்மார்களில் 34.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. டர்பன் இருக்கும் நம் குவாசுலு நட்டால் மாகாணத்தின் கிராமப்புறத்தில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளில் அது 40 சதவீதத்தையும் தாண்டியது. வறுமை, வீட்டு வன்முறை, கைவிட்டுப் போன துணை என்று காரணங்கள் பல. இந்த நாட்டில் அரசு கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார்கள். பலருக்கு அது தெரியவருவதே முதல் கர்ப்பப் பரிசோதனையில்தான். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்ற செய்தியும் இந்தச் செய்தியும் ஒரே வாரத்தில் வந்தால் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடிப்படைத் தொழில் ஒன்று வேண்டும்

பேறுகால மனநல நிபுணர் என்று தனிப் பதிவு இங்கே கிடையாது. முதலில் ஒரு தொழிலில் பதிவு பெற வேண்டும். அதன் மேல்தான் இந்தச் சிறப்புப் பயிற்சி.

மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால் மூன்று வருடப் பட்டம், ஒரு வருட ஆனர்ஸ், அப்புறம் முதுகலை, ஒரு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருடக் கட்டாய சமூக சேவை, பிறகு பதிவு கொடுக்கும் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் தேர்வு. இதில் இடறும் இடம் முதுகலைச் சேர்க்கை. குவாசுலு நட்டால் பல்கலைக்கழகமாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குச் சில இடங்கள்தான். பலர் இரண்டு மூன்று முறை விண்ணப்பித்த பிறகே உள்ளே போகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் தன்னார்வ அமைப்பு ஒன்றில் ஆலோசனை வேலை பாருங்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

பி.சைக் என்ற நான்கு வருட உளவியல் பட்டம் படித்து, கவுன்சில் தேர்வும் எழுதினால் பதிவு பெற்ற ஆலோசகர் ஆகலாம். சமூகப் பணிப் பட்டமும் நான்கு வருடம்தான், ஆனால் அதற்குக் கவுன்சில் வேறு. மனநல மருத்துவராக விரும்புகிறவர்களுக்குப் பாதை நீளம்: ஆறு வருட மருத்துவப் பட்டமான எம்.பி.சி.எச்.பி., இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருட சமூக சேவை, பிறகு நான்கு வருடம் ரெஜிஸ்ட்ராராக, அதாவது மனநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறும் டாக்டராக, வேலை. மருத்துவச்சியாக இருக்கும் நர்ஸ்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) இந்தத் துறைக்கு வருகிறார்கள். என் மனதில் பட்டதைச் சொன்னால், பிரசவ வார்டில் சில வருடம் வேலை செய்த நர்ஸ் மனநலப் பயிற்சியும் எடுத்துக்கொண்டால் அவருக்கு இணையாக யாரும் வர முடியாது. தாய்மார்கள் அவரை ஏற்கெனவே நம்புகிறார்கள்.

வெளிநாட்டில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது: பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் மதிப்பிட வேண்டும், சுகாதாரத் துறையின் வெளிநாட்டுப் பணியாளர் பிரிவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில் தேர்வு எழுத வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. பதிவு வராமல் யாரும் உங்களை நோயாளி பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள், விடவும் கூடாது.

சிறப்புப் படிப்பு என்றால் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் சிசு மனநலத்துக்கு எம்.ஃபில். இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர்களுக்கான படிப்பு அது. கேப் டவுனில் மௌப்ரே மகப்பேறு மருத்துவமனையில் 2002ல் தொடங்கிய பேறுகால மனநலத் திட்டம், கர்ப்பிணிகள் வரும் அதே கிளினிக்குக்குள்ளேயே மனநல ஆலோசனையைக் கொண்டுவந்தது. நர்ஸ்களுக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சிப் பொருட்களைத் தயாரித்துத் தருகிறார்கள். எந்தத் தொழிலில் இருந்தாலும் அவற்றை முதலில் படியுங்கள்.

குழந்தையைப் பார்ப்பது எப்படி

இந்தப் பகுதிக்கு அவசரப்பட வேண்டாம். மற்ற எதையும்விட இதுதான் உங்களை மாற்றும்.

1948ல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் எஸ்தர் பிக் என்பவர் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஒரு வீட்டுக்கு வாரம் ஒருமுறை போக வேண்டும். ஒரு மணி நேரம் குழந்தையையும் அதைச் சுற்றி நடப்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பெடுக்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, குழந்தையை வாங்கிக் கொஞ்சவும் கூடாது. திரும்பி வந்து நினைவிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். இப்படி ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் இதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அந்தக் குடும்பம் உங்கள் நோயாளி குடும்பமாக இருக்கக் கூடாது. சொந்தக்காரர் வீடும் ஆகாது. நம் வீடுகளில் ஒரு பெண் வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆயா (பாட்டி) சாப்பாடு போட்டுவிடுவார், அதற்கும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்ப்பது? பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மார்பில் அணைத்தால் தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆழ்ந்த உறக்கம், லேசான உறக்கம், தூக்கக் கலக்கம், அமைதியான விழிப்பு, சிணுங்கல், அழுகை என்று ஆறு நிலைகளில் குழந்தை மாறி மாறி இருக்கும். உறவாட ஏற்றது அமைதியான விழிப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். அழுகை உச்சத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான், பல தாய்மார்கள் தளர்ந்துபோவதும் அப்போதுதான். எட்டு ஒன்பது மாதத்தில் அந்நியரைக் கண்டால் அழும். அது நல்ல வளர்ச்சி என்று தாயிடம் சொல்ல வேண்டும்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குக் கொஞ்சம் ஓய்வு தேவை என்று பொருள். தாய் பொறுத்திருந்தால் தானாகவே திரும்பும். மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு இது தெரியாது. "பாருங்கள், என் பிள்ளைக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை" என்பார். எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்தால் குழந்தை முதலில் சிரிக்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கிவிடும். கிளினிக்கில் நாம் பார்ப்பது அந்தச் சோதனை மாதக்கணக்கில் நீண்டுபோன நிலை.

ஒரு மாதிரிக் காட்சி சொல்கிறேன். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்திருக்கிறார் ஒரு தாய். குழந்தை போர்வையில் கச்சிதமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. உடை சுத்தம், எடை சரி, பரிசோதனைப் புத்தகத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. நர்ஸ் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். ஆனால் குழந்தை மடியில் வெளிப்பக்கம் பார்த்து இருக்கிறது. புட்டியைப் போர்வை மடிப்பில் செருகியிருக்கிறார், கை அதைப் பிடிக்கவில்லை. குழந்தை அண்ணாந்து டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊசி குத்தும்போது ஒருமுறை அழுதுவிட்டு, யாரையும் தேடாமல் அடங்கிவிடுகிறது. சத்தமே போடாத இந்தக் குழந்தையை எல்லோரும் "சமத்து" என்கிறார்கள். நீங்கள் எழுந்து போய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டிய இடம் இது. ஒதுங்கிப்போன குழந்தையைக் கண்டுபிடிக்க பிரான்ஸின் அந்த்வான் கெதனே உருவாக்கிய அளவுகோல், இரண்டு மாதம் முதல் இரண்டு வயதுவரை பயன்படும். அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கின் ஓட்டத்தில் இடம் பிடியுங்கள்

உங்கள் அறையில் உட்கார்ந்து ரெஃபரல் வரட்டும் என்று காத்திருந்தால் நோய் முற்றியவர்கள் மட்டும்தான் வருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1994ல் மண்டேலா அரசு இலவச மருத்துவம் கொடுத்ததிலிருந்து தாய்மார்கள் கிளினிக்குக்கு வருவதில் குறையே இல்லை. 2017லிருந்து கர்ப்ப காலத்தில் எட்டு முறை வரச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு நாள், ஆறு வாரம். குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசி. இத்தனை முறை வரும் பெண் ஒருமுறைகூட மனநலக் கேள்வியைச் சந்திக்காமல் போகிறார் என்றால் அந்த ஓட்டையை அடைப்பது நம் வேலை.

ஜொஹானஸ்பர்கின் அலெக்சாண்ட்ராவில் உபுபேலே என்ற அமைப்பு செய்வதைப் பாருங்கள். கிளினிக்கின் காத்திருப்புப் பகுதியில் ஒரு பாயை விரித்து, சிகிச்சையாளரும் தாயின் மொழி பேசும் உதவியாளரும் அதில் உட்காருகிறார்கள். விரும்பும் தாய் குழந்தையோடு வந்து உட்காரலாம். அப்பாயின்ட்மென்ட் இல்லை, கதவும் இல்லை. சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை வட்டாரத்திலோ ஃபீனிக்ஸிலோ வேலைக்குச் சேரும் யாரும் இதைத் தங்கள் அளவில் செய்ய முடியும். கிளினிக்கின் பொறுப்பு நர்ஸான சிஸ்டர் இன்சார்ஜிடம் அனுமதி வாங்குங்கள், அவருடைய வரிசையைக் குலைக்காமல் செய்யுங்கள். அவர் உங்கள் பக்கம் இருந்தால் எல்லாம் நடக்கும்.

பெரும்பாலான தாய்மார்கள் சுலு மக்களின் மொழியான இசிசுலு பேசுகிறவர்கள். ஆறு மாதமாவது அந்த மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். சரளம் வராது, பரவாயில்லை. தாயின் சொந்தக்காரரை மொழிபெயர்ப்பாளராக ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆயா தாத்தாவிடம்தான் கொஞ்சம் தமிழ் மிச்சம். தமிழ் உண்மையிலேயே உயிர்காக்கும் இடம் வேறு. கணவரின் வேலைக்காகச் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து, டர்பனை ஒட்டிய உம்லாங்கா பக்கம் அடுக்குமாடியில் தனியாகப் பிள்ளை பெற்றெடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அம்மா விசாவில் வந்து மூன்று மாதத்தில் திரும்பிப் போயிருப்பார். பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் மடியில் வாங்கிக்கொள்ள நான்கு கைகளும் இருந்த இடத்தில் இப்போது வீடியோ கால் மட்டும். இவர்கள் தமிழில் அழுதால்தான் முழுதாக அழ முடியும். தமிழ் சங்கங்கள், கோயில்கள் வழியாக இவர்களைத் தேடிப் போங்கள்.

கேட்கும் முறை

இங்கே நாம் பயன்படுத்தும் சிறு கேள்வித்தொகுப்பில் மூன்றே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் சில நாட்களோ பல நாட்களோ கவலையை நிறுத்த முடியாமல் ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தீர்களா? மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருந்தீர்களா? உங்களையே காயப்படுத்திக்கொள்ளவோ உயிரை மாய்த்துக்கொள்ளவோ எண்ணமும் திட்டமும் வந்ததா? இரண்டுக்கு ஆம் என்றால் ஆலோசனை. மூன்றாவதுக்கு ஆம் என்றால் அன்றே, அந்த நேரமே கவனிக்க வேண்டும். விரிவாகப் பார்க்க பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வை அளக்க 1987ல் வெளியான எடின்பரோ அளவுகோல் இருக்கிறது: பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பத்தாவது கேள்வியின் பதிலைத் தனியே பாருங்கள், அது உயிரைப் பற்றியது.

கேள்வி எளிது, கேட்பது கடினம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள். "ஆன்ட்டி, பிள்ளையைக் கொஞ்ச நேரம் எடை போட்டுக்கொண்டு வருகிறீர்களா?" என்று ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள். அப்புறம் நேராகக் கேட்காமல், "பிள்ளை பிறந்தபின் தூக்கம் எப்படி இருக்கிறது? பிள்ளை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?" என்று ஆரம்பியுங்கள். பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது முக்கியமான தடயம். நம் பெண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். தலைவலி, நெஞ்சு படபடப்பு, பால் ஊறவில்லை, பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை என்றுதான் சொல்வார்கள். அவற்றை மறுக்காமல் கேட்டுக்கொண்டே போனால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்காமல் விட்டால்தான் ஆபத்து. வார்த்தையைச் சுற்றி வளைக்காமல், குரலை மாற்றாமல் கேளுங்கள்.

எதற்கு ஓட வேண்டும், எதற்கு நிதானம்

பிரசவமாகி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானே தீரும். தைரியம் சொல்லுங்கள், சாப்பிடவும் தூங்கவும் வழி செய்யுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் மதிப்பீடு செய்ய வேண்டும்.

இன்னொன்று பிரசவப் பித்து. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சில சமயம் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும். தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பு, தொடர்பில்லாத பேச்சு, குழப்பம், குழந்தைக்குத் தெய்வமோ தீயசக்தியோ இறங்கியிருக்கிறது என்ற உறுதி. காலையில் தெளிவாகவும் மாலையில் வேறு ஆளாகவும் இருப்பார். இது அவசர நிலை, அன்றே மருத்துவமனை. தாயையும் சேயையும் தனியாக விடக் கூடாது. இருமுனை நோய் (பைபோலார்) ஏற்கெனவே இருந்தவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இப்படி ஆனவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு. ஆகவே கர்ப்ப காலத்திலேயே குடும்ப வரலாறு கேட்டு, பிரசவத்துக்கு முன்பே திட்டம் எழுதி வைக்க வேண்டும்.

இதோடு போட்டுக் குழப்பக் கூடாத ஒன்று இருக்கிறது. "கத்தியைப் பார்த்தாலே பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று நினைப்பு வருகிறது, நான் பிசாசா?" என்று நடுங்கிக்கொண்டு சொல்லும் தாய் பெரும்பாலும் எண்ணச் சுழல் நோயில் (ஓ.சி.டி.) இருக்கிறார். அந்த நினைப்பு அவருக்கே அருவருப்பாக இருக்கும், கத்தியை ஒளித்து வைப்பார், பிள்ளையைக் குளிப்பாட்டவே பயப்படுவார். இவரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது பெரிய அநியாயம். பித்துநிலையில் அந்த எண்ணம் சரியானதாகவும் கட்டளையாகவும் தோன்றும். இந்த வேறுபாட்டைக் கண்டறிய நிதானமும் அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும்.

சிகிச்சை

மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. கடுமையானதற்கு மருந்தும் வேண்டும். உளவியலாளர் இங்கே மருந்து எழுத முடியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் மருந்தைச் சட்டென நிறுத்திவிடும் பெண்கள் பலர், அதனாலேயே நோய் திரும்பி வருகிறது. நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் மட்டும் வேறு கதை: அது குழந்தையின் உறுப்பு வளர்ச்சியையும் மூளை வளர்ச்சியையும் கடுமையாகப் பாதிக்கும். குழந்தை பெறும் வயதில் ஒரு பெண் அதைச் சாப்பிடுகிறார் என்று கண்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

தாயின் மனச்சோர்வு குறைந்தால் குழந்தையோடான உறவு தானே சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உறவுக்குத் தனியாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நான் அதிகம் நம்புவது இதை: தாய், சேய் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, நடப்பதை வாய்விட்டுச் சொல்வது. "உங்கள் குரல் கேட்டதும் தலையைத் திருப்பினான், பார்த்தீர்களா?" இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தாயின் சம்மதத்தோடு சில நிமிடம் வீடியோ எடுத்து, நன்றாகப் போன இடத்தை மட்டும் நிறுத்திக் காட்டுவதும் பலன் தரும். குறை சொல்லும் இடங்களை அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறையப் பேர் காட்டிவிட்டார்கள்.

காயலிட்ஷாவில் 449 பெண்களோடு நடந்து 2009ல் வெளியான ஆய்வு எனக்கு மிக முக்கியம். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கர்ப்ப இறுதி மாதங்களிலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வீட்டுக்குப் போய் வந்தார்கள். குழந்தைக்குப் பதினெட்டு மாதமானபோது பாதுகாப்பான பிணைப்பு, அதாவது பயந்தால் தாயிடம் நம்பிப் போய்த் தேறும் உறவு, அப்படிப் போன வீடுகளில் 74 சதவீதக் குழந்தைகளிடமும் மற்ற வீடுகளில் 63 சதவீதக் குழந்தைகளிடமும் இருந்தது. போனவர்கள் நிபுணர்கள் அல்ல. ஆகவே நீங்கள் நிபுணரானபின் வாரத்தில் ஒரு பங்கு நேரத்தைச் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுக்க ஒதுக்குங்கள்.

சாட்ஸ்வர்த் பக்கம் வேலை செய்பவர்கள் சுகர்ஸ் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஹெராயின் கலந்த அந்தப் போதை நம் தெருக்களில் பல வீடுகளை அழித்திருக்கிறது. கர்ப்பிணி அதைத் திடீரென நிறுத்துவதும் கருவுக்கு ஆபத்து. ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் மருந்து கொடுத்துப் படிப்படியாகக் கவனிக்கும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பிறந்த குழந்தை கீச்சென்று அழுது, நடுங்கி, பால் குடிக்கத் தடுமாறும். அந்தக் குழந்தையைத் தேற்றுவது எப்படி என்று தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது, இருட்டறை, தோலோடு தோல் அணைப்பு, மெல்லிய ஆட்டம், எல்லாம் சிசு மனநல வேலைதான். இந்தத் தாயிடம் முகம் சுளிப்பவர்கள் வார்டில் நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

வீடும் கோயிலும்

முகம் மாறிப்போன தாயைக் குடும்பம் முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப்போகும். கண் பட்டுவிட்டது, காத்து கருப்பு அண்டிவிட்டது என்பார்கள். இதோடு சண்டை போடாதீர்கள். "விபூதி போடுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், இன்றைக்கே மருத்துவமனைக்கும் வாருங்கள்" என்று சொன்னால் கேட்கிறார்கள். வேண்டுதல் முடியட்டும் என்று நாட்கள் கடந்துபோவதுதான் ஆபத்து. அர்ச்சகர்களிடமும் கோயில் குழுவிடமும் முன்கூட்டியே பேசி, எந்த அறிகுறிக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆடிக் கூழ் ஊற்றும்போது கூடும் பெண்களிடம் பத்து நிமிடம் பேச இடம் கேளுங்கள், கிடைக்கும்.

கணவர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது. அது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுகிறது. ஆனால் அடிக்கும் கணவரோடு சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது கூடாது. முதலில் அவளுடைய பாதுகாப்பு.

சட்டம், சுருக்கமாக

2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரை 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்து மதிப்பிடலாம். 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் 110ஆம் பிரிவு, குழந்தைக்குக் கொடுமையோ வேண்டுமென்றே புறக்கணிப்போ நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. படிவம் 22ல் எழுத வேண்டும். தாயிடம் முதல் சந்திப்பிலேயே இந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள். தெரிவிக்க நேர்ந்தால், அதனால் குழந்தைக்கு ஆபத்து அதிகமாகாது என்றால், அவருக்கும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

உங்களுக்கு ஒருவர் வேண்டும்

அழும் குழந்தையும் அழாத குழந்தையும் நம் உள்ளே எதையோ கிளறும். ஒரு நாள் தாய் மேல் கோபம் வரும், ஒரு நாள் குழந்தையை வீட்டுக்கே தூக்கிப்போய்விடலாம் என்றிருக்கும். இவற்றைப் பேச மேற்பார்வையாளர் ஒருவர் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வேண்டும். டர்பனில் இந்தத் துறையில் ஆட்கள் குறைவு என்றால் கேப் டவுனில் இருப்பவரிடம் இணையம் வழியாகப் பேசலாம். மேற்கு கேப் சிசு மனநலச் சங்கம் 1990களிலிருந்து இயங்குகிறது. அதன் கூட்டங்களில் கலந்துகொண்டால் நல்ல மேற்பார்வையாளர்கள் கிடைப்பார்கள். சமீபத்தில் பிள்ளை இழந்தவராகவோ இப்போது கர்ப்பமாகவோ நீங்கள் இருந்தால் சில நோயாளிகளை வேறொருவருக்கு விடுவதில் தவறே இல்லை.

வேலையும் வருமானமும், அப்புறம் முதல் மாதம்

அரசுப் பணியிடங்கள் குறைவு, பேறுகால மனநலத்துக்கென்றே ஒதுக்கிய இடங்கள் மிகவும் குறைவு. பொது மனநலப் பணியில் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாளை மகப்பேறு கிளினிக்குக்குக் கேட்டு வாங்குவதுதான் பலர் நடந்த பாதை. தனியார் பணியில் நோயாளியின் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) விதிகள் முக்கியம்: கட்டாயக் குறைந்தபட்சச் சலுகையின்கீழ் கடும் மனச்சோர்வுக்கு வருடத்தில் மூன்று வாரம்வரை மருத்துவமனைச் சிகிச்சை அல்லது 15 முறைவரை வெளிநோயாளி உளச்சிகிச்சை உண்டு. தாய்மார்களுக்கே பெரும்பாலும் இது தெரியாது, ஆகவே நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

புதிய கிளினிக்கில் முதல் வாரம் யாருக்கும் சிகிச்சை கொடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் உட்காருங்கள். யார் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் வாரம் நர்ஸ்களோடு சேர்ந்து மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகுங்கள். ஆம் என்று வரும் தாயை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று அன்றே முடிவு செய்யுங்கள், அனுப்ப இடமில்லாமல் கேட்பது அவருக்குச் செய்யும் கொடுமை. மூன்றாம் வாரம் மருத்துவமனை மனநலப் பிரிவு, சமூகப் பணியாளர், குடும்ப வன்முறைக்கு அடைக்கலம் தரும் இல்லம் ஆகியவற்றின் எண்களை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் மனச்சோர்வு, பதற்ற நோய்க் குழுவான சாடாகின் தற்கொலைத் தடுப்பு இலவச எண் 0800 567 567 கட்டாயம் இருக்கட்டும். நான்காம் வாரம் தரையில் பாயை விரியுங்கள்.